அடி காந்துது

1

போன வைகாசியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். என் மனைவி அஞ்சலையின் தம்பி பன்னீருடைய மகளுக்கு. அதற்காகப் பாரிசிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் போயிருந்தோம். முதல் நாள் ராத்திரிப் பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன். எதிர் வரிசையில் ஒரு பெரியவர், அஞ்சலை வழியில் ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம், மண்டபம் முழுக்கக் கேட்கிற தொண்டையில் கேட்டார்.

"என்னா மாப்ள, அஞ்சலைக்கு சூடு போட்டுட்டியாமே? அங்க போலீசு வந்து இட்டும்போச்சாமே?"

கூட்டு வைக்க வந்தவன் கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பக்கத்து இலைக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தவர் சத்தம் வராமல் கையை எடுத்துக்கொண்டார்.

"யாரு சொன்னது?" என்றேன்.

"ஊரே சொல்லுது."

"ஊரு சோத்தத் தின்னட்டும். நீங்களும் தின்னுங்க."

அங்கே அவ்வளவுதான் சொன்னேன். மீதியை இங்கே சொல்கிறேன். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி நம்ம ஊர் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அண்ணே என்று கடலூரிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது பனி, இரும்புக் கோபுரம், பூமிக்கு அடியில் ஓடுகிற ரயில். அதெல்லாம் உங்கள் செல்போனிலேயே வருகிறது, நான் எதற்கு? நான் எழுதப்போவது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. அந்த வார்த்தைதான் என்னை என் மனைவியிடமிருந்து பிரித்து வைத்தது. அதே வார்த்தைதான் கல்யாணப் பத்திரிகையிலிருந்து என் பெயரைத் தூக்கியது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் கை வைக்கக் கூடாது.

2

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் பேசுகிறவர்கள் ஜாஸ்தி.

கடலூர் செம்மண்டலத்துக்காரன். அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மீசை அரும்பிய வயதில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் அண்டா கழுவச் சேர்ந்தேன். அண்டாவிலிருந்து மாவுக்குப் போனேன், மாவிலிருந்து தோசைக்கல்லுக்குப் போனேன், கல்லிலிருந்து கடல் தாண்டிப் போனேன். பாண்டிச்சேரிக் குடும்பம் ஒன்று சமையலுக்கு ஆள் வேண்டும் என்று பிரான்சுக்கு அழைத்துக்கொண்டு போனது. போன இடத்தில் அடுத்தவன் அடுப்பிலேயே நின்றுவிடவில்லை நான். இன்றைக்குப் பாரிஸ் ஓரத்தில் என் சொந்தக் கடை. குளிரில் வெள்ளைக்காரன் வரிசையில் நின்று என் தோசையை வாங்கித் தின்கிறான். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. என்னிடம் எந்தச் சான்றிதழும் கிடையாது. இந்த இரண்டு கை, அவ்வளவுதான்.

அந்தச் சிதம்பரம் ஓட்டலில் ஒரு வழக்கம். அண்டாவில் பொங்கிய சோற்றில் மேல் சோறு பந்திக்குப் போகும். அடியில் பிடித்த காந்தல் அண்டா கழுவுகிறவனுக்கு. கரண்டியால் சுரண்டித் தட்டில் போட்டுக் கொடுப்பார்கள். அது அமிர்தமாக இருந்தது, அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது என்று எழுதுவேன் என்று பார்க்காதீர்கள். கரி மாதிரி இருந்தது. கடைவாய்ப் பல்லில் அப்பிக்கொள்ளும். இனி ஒரு நாளும் இதைத் தின்னக் கூடாது என்றுதான் ஊரை விட்டே கிளம்பினேன். என் கடையில் எந்தப் பாத்திரமாவது அடிப்பிடித்தால், பிடிக்க விட்டவன் அன்றைக்கு என் வாயிலிருந்து தப்ப முடியாது.

சமையல்காரனுக்கு நெருப்புப் பட்டதெல்லாம் ஒரே வகை இல்லை. வாழையிலையை வாட்டுவோம், கிழியாமல் மடிப்பதற்கு. ஆட்டுத்தலையைப் பொசுக்குவோம், முடி போகும், தோல் நிற்கும். வெங்காயம் கருகும். அப்பளம் தீயும், தீய்ந்தால் குப்பைக்குத்தான். காந்துவது இதில் எதுவுமே இல்லை. பாலோ சோறோ அடியில் மட்டும் பிடிப்பது. மேலே பார்த்தால் வெள்ளை வெளேர் என்று ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கரண்டியை அடி வரைக்கும் விட்டால்தான் தெரியும்.

அதே வார்த்தையைத்தான் உடம்புக்கும் சொல்வோம். மிளகாய் அரைத்த கை காந்தும். பசியில் வயிறு காந்தும். பக்கத்து வீட்டுக்காரன் மாடி எடுத்தாலும் வயிறு காந்தும், அது வேறு காந்தல், அதற்கு மருந்து இல்லை. கோபக்காரனைப் பார்த்து, என்னா இப்படிக் காந்துற என்று கேட்போம். கடலூர்ப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் எந்தக் காந்தல் எந்த இடத்தில் என்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன்.

3

விடிவதற்கு முன்னால் எழுந்து, முதல் ரயிலில் கடைக்குப் போய், மாவு புளித்திருக்கிறதா என்று பார்ப்பதில் தொடங்கும் என் நாள். அஞ்சலையும் கூட வருவாள். சட்னியும் சாம்பாரும் அவள் பொறுப்பு. போன குளிர்காலத்தில் ஒரு மாதிரி ஆரம்பித்தது. நான் எழுந்து பார்த்தால் அவள் பால்கனியில் வெறுங்காலோடு ஜில்லிட்ட சிமெண்டில் நிற்பாள்.

"என்னா அங்க போயி நிக்கிற? கீழ இருக்கறவன் பாத்தா லூசுன்னு நெனப்பான்."

"காலு காந்துதுங்க. சில்லுனு இருந்தா கொஞ்சம் தேவல."

"நாள் பூரா நின்னா காந்தத்தான் செய்யும். எனக்கு மட்டும் பூவாட்டம் இருக்குதா? உள்ள வா, கதவச் சாத்து."

கடையில் நிற்கிற எல்லோருக்கும் கால் வலிக்கும். நான் சொன்னதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் எங்கள் மகன் சரவணன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். பிரான்சிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் வேலை. நாம் பேசினால் புரிந்துகொள்வான், திருப்பிப் பேசுவது கால்வாசி. அம்மா சொல்வதை முழுசாக மொழிபெயர்க்க அவனால் முடியவில்லை என்று ஆஸ்பத்திரியில் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளனைப் பிடித்துக் கொடுத்தார்கள். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எந்த ஊரோ, யார் வீட்டுப் பிள்ளையோ. நன்றாகப் படித்த தமிழ், கழுவித் துடைத்து வைத்த தமிழ். நான் கூட இல்லை. அஞ்சலை பிறகு எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அஞ்சலை ஆயுசு முழுக்க அண்டாவோடு புழங்கியவள். உள்ளங்கால் என்று சொல்லத் தெரியாதா? தெரியும். வாயில் வந்தது அடி. பாத்திரத்துக்குச் சொல்கிற மாதிரியே காலுக்கும் சொன்னாள்.

"அடியெல்லாம் காந்துதுங்க தம்பி. அதச் சொன்னா இவரு எம்மேல காந்துறாரு."

போனில் இருந்தவனுக்கு அது வேறு அடியாகக் கேட்டிருக்கிறது. அப்புறம் மெதுவாக, "அடியா அம்மா?" என்று கேட்டிருக்கிறான்.

"ஆமாங்க தம்பி, அடிதான். ரெண்டு அடியும். ராத்திரியில ஜாஸ்தி."

"உங்கள் கணவர் காந்துகிறார் என்றீர்களே, எப்போதிலிருந்து?"

"அது கட்டுன நாள்லேருந்து" என்று சிரித்திருக்கிறாள் இவள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அஞ்சலையின் ஸ்வெட்டர் கையை முழங்கை வரைக்கும் சுருட்டிப் பார்த்தார். கோடு கோடாகப் பழைய சுட்ட தழும்புகள். இது என்ன என்று கேட்டார்கள்.

"அது ஒண்ணும் இல்லீங்க, தோசைக்கல்லால சுட்டது."

போனில் இருந்தவன் அதையும் சுத்தமாக மொழிபெயர்த்துக் கொடுத்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கேட்டது புரியவில்லை என்றால் இன்னொரு தடவை கேட்பதற்கு என்ன கேடு?

4

மத்தியானக் கூட்டம் முடிகிற நேரத்தில் எனக்குப் போன் வந்தது. ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல் ஓடினேன். வார்டுக்குள் விடவில்லை. ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், குடும்பத் தகராறுகளை விசாரிக்கிற அதிகாரி, எதிரில் வந்து உட்கார்ந்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதையில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மனைவி சில நாள் ஆஸ்பத்திரியில் இருப்பார், விசாரணை முடிகிற வரைக்கும் நீங்கள் அவரைப் பார்க்க முடியாது என்றார்.

"மதாம், எதுக்கு விசாரணை?"

சொன்னார். அடிக்கிறேனாம். சூடான இரும்புக் கல்லால் சுடுகிறேனாம். இரவில் அதிகமாம். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கடைப் பிரெஞ்சு. கறிகாய் விலை பேசலாம், வாடிக்கைக்காரரைச் சிரிக்க வைக்கலாம். இதற்குப் பதில் சொல்ல அதில் வார்த்தை இல்லை. மேஜையைத் தட்டினேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

போலீஸ் வரவில்லை. அதை இங்கேயே எழுதி வைக்கிறேன். பந்தியில் கேட்ட பெரியவர் படித்துக்கொள்ளட்டும்.

வெளியே நடையில் சரவணன் நின்றுகொண்டிருந்தான்.

"உன்ன அவுங்க கேட்டாங்களாடா?"

"கேட்டாங்க ப்பா."

"என்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

"என்னா தெரியாது?"

"நீங்க அம்மாவச் சுட்டீங்களான்னு கேட்டாங்க. நீங்க கத்துவீங்க, அது சொன்னேன். மத்தது நான் பாக்கல."

"பாக்கலன்னா இல்லைன்னு சொல்லணும்டா!"

"இல்ல ப்பா. பாக்கலன்னா பாக்கல. அவ்ளோதான்."

நான் அடுப்படியில் நின்று படிக்க வைத்த படிப்பு எனக்கே திருப்பிக் கொடுத்த நியாயம் அது.

"காந்துதுன்னா என்னான்னு கூடவா உனக்குத் தெரியாது? நீ எங்கூட்டுப் புள்ளதானே?"

"கடையில 'காந்த வுட்டுட்டியேடா'ன்னு கத்துவீங்களே, அப்புறம் ஒரு கரண்டி பறக்கும். அந்த வார்த்தை எனக்கு அங்கதான் தெரியும் ப்பா. வேற எங்க கேட்டேன்?"

அஞ்சாறு நாள் அப்படியே போனது. நான் தனியாக எழுந்து, தனியாக ரயிலேறி, கடையைத் திறந்தேன். சட்னி வாயில் வைக்க முடியவில்லை என்று ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொன்னார். அவரிடமும் சண்டை போட்டேன். பால்கனிக் கதவைச் சாத்திவிட்டுப் போனவன் திரும்பி வந்ததும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிர்தான் வந்தது.

கடைசியில் நேரில் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்தார்கள். பாண்டிச்சேரிப் பொம்பளை, நடு வயது, வாய் நிறைய வெற்றிலை போட்டுப் பழகிய குரல். என்னையும் அந்த அறைக்குள் விட்டார்கள், அதிகாரியம்மாவுக்குப் பக்கத்தில். அஞ்சலை மறுபடியும் அதையே சொன்னாள். "அடி காந்துதும்மா. சொன்னா இவரு காந்துறாரு." பாண்டிச்சேரிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் பால் பாத்திரத்தில் ஆரம்பித்து, கால் வரைக்கும் வந்து, கோபத்தில் கொண்டுபோய் முடித்தாள். அந்த அம்மாளுக்கு விளக்குவதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது.

நான் சட்டைக் கையைச் சுருட்டினேன். அஞ்சலைக்கு ஒரு கோடு என்றால் எனக்கு நாலு கோடு. "இத யாரு போட்டாங்கன்னும் ஒரு விசாரணை வையுங்க மதாம்" என்றேன்.

அதிகாரியம்மா அஞ்சலையைப் பார்த்துக் கேட்டார்: அப்படியானால் உங்கள் கணவர் உங்களைச் சுடவில்லை?

"சுடலம்மா. காந்துறாரு. அது நெசம்தான், அதையும் எழுதிக்கச் சொல்லு."

பாண்டிச்சேரிக்காரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு எழுத்து விடாமல் அதையும் மொழிபெயர்த்தாள்.

அதற்குப் பிறகுதான் காலைப் பார்த்தார்கள். முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய கால். சர்க்கரை, காலில் போகிற நரம்பைத் தின்றிருக்கிறது. உள்ளே எப்போதும் எரிகிற மாதிரி இருக்கும், வெளியே நெருப்பே பட்டாலும் தெரியாது என்றார் டாக்டரம்மா. வெறுங்காலோடு வீட்டுக்குள் கூட நடக்கக் கூடாது என்றார்.

5

இது இத்தோடு முடிந்திருக்க வேண்டும். சரவணன் இடையில் ஒரு காரியம் செய்துவிட்டான். பன்னீர் மகளுக்கு வாட்ஸப்பில், தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு வரி தட்டிவிட்டான்: அப்பா அம்மாவை சுட்டார் என்று கேஸ்.

அந்த ஒரு வரி ஊருக்குள் எப்படி நடந்தது என்று பாருங்கள். செம்மண்டலத்துக்குப் போகும்போது அது சூடு போட்டதாக ஆனது, கரண்டிக் காம்பைப் பழுக்கக் காய்ச்சி. தேவனாம்பட்டினத்துக்குப் போகும்போது வேறு மாதிரி ஆனது. அங்கே மீன் ஏலம் எடுக்கிற என் பழைய கூட்டாளி ஒருவன் போன் போட்டான்.

"டேய், அஞ்சலை உசுரோட இருக்குதா?"

"ஏன்டா?"

"நீ சுட்டுட்டன்னாங்களே. துப்பாக்கி எங்கடா வாங்குன? அங்க லைசென்சு ஈசியா குடுக்கறானா?"

அவனை விடுங்கள், அவன் உண்மையிலேயே லைசென்ஸ் விவரம் கேட்பதற்காகத்தான் போன் போட்டிருப்பான். பன்னீர் அப்படி இல்லை. பன்னீருக்குச் சிதம்பரத்தில் டூவீலர் ஒர்க்ஷாப். அதைத் திறந்த அன்றைக்கு ரிப்பன் வெட்டியவன் நான். அஞ்சலை அவனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சுடவில்லையடா, நான் சொன்ன வார்த்தையை மொழிபெயர்த்தவன் தப்பாகப் புரிந்துகொண்டான் என்று சொன்னாள். காந்துகிறது என்றால் என்ன என்று பன்னீருக்குத் தெரியாதா? தெரியும். போனை வாங்கி நான் பேசினேன்.

"இப்பவாச்சும் புரிஞ்சிதா மச்சான்?"

"பக்கத்துல நின்னு சொல்லு சொல்லுன்னு மெரட்டுனா எங்கக்கா வேற என்னா மாமா சொல்லும்?"

"டேய்!"

"பாத்தீங்களா. இதத்தான் சொல்றேன்."

கல்யாணப் பத்திரிகை வந்தது. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், எல்லோர் பெயரும் இருந்தது. அத்தை என்ற இடத்தில் திருமதி அஞ்சலை, பாரிஸ். பக்கத்தில் இருக்க வேண்டிய என் பெயர் இல்லை. இரண்டு தடவை தேடினேன், பின் பக்கம் திருப்பியும் பார்த்தேன். கடல் கடந்து போய் சொந்தப் பெயரில் பலகை மாட்டியவனுக்கு, சொந்த மச்சான் வீட்டுப் பத்திரிகையில் இடம் இல்லை.

"நீங்க வராட்டிப் போங்க. நான் போவணும்" என்றாள் அஞ்சலை.

"நானும் வரேன். எம்பேரு இல்லாத எடத்துல எம்மூஞ்சி இருக்கட்டும்."

6

தாலி கட்டி முடிந்ததும் பொண்ணு மாப்பிள்ளையோடு எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று ஒரே அவசரம். ஆட்டோ ஆட்டோவாக ஏறினோம். கத்திரி வெயில். கோயில் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். அஞ்சலையும் கழற்றினாள். உள்ளே கனமான வெள்ளை சாக்ஸ். நான்தான் வாங்கிக் கொடுத்துப் போட வைத்தது.

பட்டுப் புடவைக்குக் கீழே வெள்ளை சாக்ஸைப் பார்த்ததும் பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள்.

"என்னா அத்த, கிரிக்கெட்டு ஆடவா போறீங்க?" என்றாள் ஒரு பெண்.

பன்னீர் திரும்பிப் பார்த்தான். "அக்கா, சாமிகிட்டப் போறப்ப என்னா வேசம் இது? கழட்டு."

"மச்சான், வெறுங்காலோட நடக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"ஊரே வெறுங்கால்ல நடக்குது மாமா. எங்கக்காவ நீங்க வெச்சிருக்கற லட்சணம் எங்களுக்குத் தெரியும். இதுக்கும் நீங்கதான் உத்தரவு போடணுமா?"

கல்யாணக் கூட்டம், புது மாப்பிள்ளை வீட்டார், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஞ்சலை குனிந்து இரண்டு சாக்ஸையும் உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வுடுங்க, நல்ல நாளும் அதுவுமா" என்றாள் என்னிடம்.

உள்ளே வெளிப் பிராகாரம். வெயில் நேராகக் கல்லில் விழுகிறது. ஒரு எட்டு வைத்ததும் எல்லோரும் குதிக்க ஆரம்பித்தார்கள். புடவையைத் தூக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கொண்டு, நுனிக்காலில் ஓடினார்கள். மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டே ஓடினான். நானும் ஓடினேன், பொய் சொல்ல மாட்டேன். எதிர்த்த மண்டபத்து நிழலில் போய் நின்று திரும்பிப் பார்த்தால், நடுப் பிராகாரத்தில் அஞ்சலை தனியாக நடந்து வருகிறாள். கடலூர் சில்வர் பீச் மணலில் சாயங்காலம் நடப்பாளே, அப்படி. கோபுரத்தைப் பார்த்து நின்று ஒரு கும்பிடு வேறு.

"அஞ்சலையப் பாரு, என்னா பக்தி" என்றார் பந்தியில் என்னைக் கேட்ட அந்தப் பெரியவர்.

நான் கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்றால் மண்டபத்துப் புறாவெல்லாம் எழுந்து பறந்தன. "ஏய்! அறிவிருக்குதாடி ஒனக்கு? வாடி நெழலுக்கு!" கத்திக்கொண்டே கல்லில் இறங்கி ஓடி, அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். "பாத்தியா, கோயில்லயே இந்த கதின்னா வூட்ல எப்படி இருக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று பார்க்க எனக்கு நேரம் இல்லை. அவளை உட்கார வைத்துக் காலைத் திருப்பினேன்.

காய்ச்சிய பாலில் ஆடை படிந்து சுருங்குமே, அப்படித் தோல் சுருங்கிக் கிடந்தது. இரண்டு அடியும்.

பன்னீர் எட்டிப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, ஒனக்கு சுடலையா?"

"சுட்டுதா? எனக்கு ஒண்ணுந் தெரியலயேடா. உள்ள காந்துறதுதான் தெரியும். அது எப்பவும்தான் காந்துது."

"ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

அஞ்சலை அவனைப் பார்த்தாள். நிழலில் நின்றுகொண்டிருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"வந்த நாள்லேருந்து எல்லாரும் எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கறீங்க. அவரு சுட்டாரா, அவரு சுட்டாரான்னு. காலு எப்படி இருக்குதுன்னு எவனாச்சும் கேட்டீங்களாடா? சாக்ஸு எதுக்குன்னாவது கேட்டியா நீ?"

பன்னீர் எழுந்தான். அக்காவைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தவன் அவன்தான். டாக்டர் வீட்டில் மருந்து போட்டுக் கட்டினார்கள். பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள். எப்படிச் சுட்டது என்றதற்குக் கோயில் கல் என்றதும், இந்த வெயில்ல அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட அதிகாரியம்மா யாரும் வரவில்லை. கழற்றச் சொன்னது யார் என்று யாரும் பன்னீரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்கவில்லை.

வெளியே வந்து பைக்குகள் நிற்கிற இடத்தில் பன்னீர் என் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் சாவியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, பத்திரிகையில ஒங்க பேரு வுட்டுப்போச்சி. அச்சாபீஸ்காரன் பண்ண வேல அது."

"அச்சாபீஸ்காரனுக்கு எம்மேல என்னா காந்தல் மச்சான்?"

அவன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நானும் வற்புறுத்தவில்லை. அவன் முகம் போதுமானதாக இருந்தது.

என்னைக் காந்துகிறவன் என்று எழுதிக்கொண்டார்கள் பாரிசில். எழுதிக்கொள்ளட்டும். நான் அன்றைக்குக் காந்தாமல் இருந்திருந்தால் நீங்கள் எல்லோரும் நிழலில் நின்று அவள் பக்தியை மெச்சிக்கொண்டிருப்பீர்கள்.

7

திரும்பி வந்து சில வாரம் ஆகிறது. அஞ்சலை இன்னும் கடைக்கு வரவில்லை. கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து போகிறார். முதல் தடவை வந்தவர் கட்டைப் பிரித்துப் பார்த்ததும் முகம் மாறியது. அந்த முகம் எனக்குத் தெரியும். அதே முகத்தை அந்தச் சின்ன அறையில் பார்த்திருக்கிறேன். இரண்டு காலிலும் ஒரே மாதிரி சூடு. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், அஞ்சலையிடம் மெதுவாகக் கேட்டார்: இதை யார் செய்தது?

அஞ்சலைக்குப் பிரெஞ்சு வராது. ஆனால் இந்த ஒரு கேள்வி மட்டும் இப்போது நன்றாகப் புரியும். அவள் என்னைப் பார்த்தாள். நான் பால்கனிப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவள் வாயிலிருந்து அடுத்து என்ன வரப்போகிறது, அதை யார் எப்படி எழுதிக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் அவளையே பார்த்தேன்.

"சிதம்பரம்" என்றாள்.

நர்ஸ் அதை எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். இந்த ஆள் உறவா என்று கேட்டார். சரவணன் பக்கத்தில் இருந்தான். "சொந்தமான்னு கேக்கறாங்க ம்மா" என்றான். தப்பில்லாமல்தான் மொழிபெயர்த்தான்.

"ஆமான்னு சொல்லு. பொறந்த வூட்டு ஆளு."

சரவணன் சிதம்பரம் ஆள் இல்லை, ஊர் என்று சொல்ல வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டான். அவன் பார்க்காததைச் சொல்கிறவன் இல்லையே. அம்மா சொன்னதை மட்டும் அப்படியே பிரெஞ்சில் சொன்னான். நர்ஸ் அதையும் எழுதிக்கொண்டார்.

நானும் திருத்தவில்லை.